தாம்பரம் ரெயில் மாறும் இடம் மட்டுமா?

தாம்பரம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது?

ரெயில் நிலையம். பஸ் நிறுத்தம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகிறவர்களின் கூட்டம். ஒரு கையில் மூட்டை, ஒரு கையில் பிள்ளை என்று ஓடி ஏறும் இடம். அவ்வளவுதான்!

"தாம்பரத்தைத் தாண்டிவிட்டோம்" என்று எல்லோரும் சொல்கிறோம். "தாம்பரத்தைச் சுற்றிப் பார்த்தோம்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

விடுமுறை வந்தால் ஊட்டிக்குப் போகிறோம். கொடைக்கானலுக்குப் போகிறோம். கையில் பணம் இருந்தால் சிங்கப்பூருக்கும் போகிறோம். போகட்டும், தவறில்லை. ஆனால் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலையின் பெயர் நம் பிள்ளைக்குத் தெரியுமா? தெருக்கோடியில் இருக்கும் ஏரியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியுமா?

"இக்கரைக்கு அக்கரை பச்சை" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பரங்கிமலையில் இருந்து வண்டலூர் வரை, குன்றத்தூரில் இருந்து பள்ளிக்கரணை வரை உள்ள இந்த வட்டாரம், வெளியூர்க்காரர்கள் பணம் கொடுத்து வந்து பார்க்க வேண்டிய பூமி. முதலில் நாம் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் அதைக் காப்பாற்றுவோம். இதுவே இந்தக் கட்டுரையின் கருத்து.

மலையும் ஏரியும்

இந்த வட்டாரத்தின் அமைப்பை இரண்டே சொற்களில் சொல்லிவிடலாம். ஒன்று மலை. மற்றொன்று ஏரி.

பரங்கிமலை, திருசூலம், பல்லாவரம், திருநீர்மலை, குன்றத்தூர், வண்டலூர் என்று வரிசையாகச் சிறு கல்மலைகள் இருக்கின்றன. மழை பெய்தால் அந்தத் தண்ணீர் மலைச் சரிவில் இறங்கும். கீழே இருக்கும் ஏரியில் சேரும். அந்த ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும்.

செம்பாக்கம் ஏரியின் தண்ணீர் நன்மங்கலம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து கீழ்க்கட்டளைக்குப் போகும். பிறகு நாராயணபுரம் ஏரி. கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சங்கிலியில் கண்ணி கோத்ததுபோல நம் முன்னோர் கோத்து வைத்தார்கள். மேற்குப் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேரும். அந்த அடையாறு தொடங்குவதும் தாம்பரத்துக்குப் பக்கத்தில், ஆதனூர் ஏரிப் பகுதியில்தான்.

திருநீர்மலை என்ற பெயரையே பாருங்கள். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம். தண்ணீர் வடியும் வரை காத்திருந்து பெருமாளைச் சேவித்தாராம். இது தல வரலாறு. இந்த வட்டாரத்தில் தண்ணீருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் இந்தக் கதையில் இருக்கிறது அல்லவா?

250 கோடி ஆண்டுக் கல்

இனி, மலையின் கல்லைப் பார்ப்போம்.

கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்துக்கு 1690-ம் ஆண்டு அடிகோலியவர் ஜோப் சார்னக். அவருடைய கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல் எங்கே இருந்து போனது தெரியுமா? நம்முடைய பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்தில் இருந்து! தாமஸ் ஹாலண்டு என்ற நிலநூல் அறிஞர் அந்தக் கல்லை ஆராய்ந்தார். 1893-ம் ஆண்டு அதற்குச் "சார்னகைட்" என்று பெயர் வைத்தார். இன்று உலகம் முழுவதும் அந்த வகைக் கல்லுக்கு அதுதான் பெயர். அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பரங்கிமலையில் உள்ள இந்தப் பாறையை இந்திய நிலவியல் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி பல்லாவரத்தில் இன்னோர் அதிசயம் நடந்தது. ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலநூல் அதிகாரி, ராணுவ அணிவகுப்பு மைதானத்தின் அருகே ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது சாதாரணக் கல் அல்ல. ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவில் பழைய கற்காலக் கருவி முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அன்றுதான். இந்திய மனிதனின் ஆதி வரலாற்றில் முதல் பக்கம் பல்லாவரத்தில் திறந்தது. பூட் சேர்த்த கருவிகளில் பல இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அதே பல்லாவரத்தில் மகேந்திரவர்ம பல்லவன் 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த குகை இருக்கிறது. இன்று அது முஸ்லிம்களின் தர்கா. தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலம் இருக்கிறது. நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கிய மன்னன் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களில் அதுவும் ஒன்று. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோவில் இருக்கிறது. அதன் விமானம் யானையின் பின்புறம்போல வளைந்திருக்கும்.

பரங்கிமலையின் உச்சியில் போர்த்துக்கீசியர் 1523-ம் ஆண்டு கட்டிய மாதா கோவில். அதே மலையின் அடியில் 1802-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் என்பவர் சங்கிலி பிடித்து நிலம் அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல்தான் தூரம். அதை அளக்க 57 நாள் எடுத்துக்கொண்டார். அவ்வளவு துல்லியம்! இந்தியா முழுவதையும் அளந்தது அந்தக் கோட்டை வைத்துத்தான். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் கணக்கிடப்பட்டதும் அந்த அளவையின் தொடர்ச்சியில்தான்.

இமயமலைக்குப் போட்ட கணக்கின் முதல் வரி நம் பரங்கிமலையில் எழுதப்பட்டது. இதை எத்தனை பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள்?

சோறு போடும் ஊர்

"பழம்பெருமை இருக்கட்டும். இந்த ஊர் எப்படிப் பிழைக்கிறது?" என்று கேட்பீர்கள். அதையும் பார்ப்போம்.

1928-ம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய் ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார். காரணம் என்ன? நல்ல காற்று! "சானடோரியம்" என்ற ரெயில் நிலையத்தின் பெயர் அப்படி வந்ததுதான். 1931-ம் ஆண்டு கடற்கரையில் இருந்து தாம்பரத்துக்கு மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. 1937-ம் ஆண்டு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரம் வந்தது. அந்தக் கல்லூரி வளாகத்தில் இன்றும் புள்ளிமான் திரியும் காடு இருக்கிறது.

"குரோம் லெதர்" என்ற தோல் கம்பெனியின் பெயரில் ஒரு ஊரே பிறந்தது. அதுதான் குரோம்பேட்டை. அனகாபுத்தூர் நெசவாளர் நெய்த துணி கப்பல் ஏறி ஆப்பிரிக்காவில் நைஜீரியா வரை போனது. இன்று அவர்கள் வாழை நாரில்கூடச் சேலை நெய்கிறார்கள். 1984-ம் ஆண்டு சானடோரியத்தில் ஏற்றுமதித் தொழிற்பேட்டை அமைந்தது. "மெப்ஸ்" என்றால் பஸ் கண்டக்டருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்தால் பல்லாவரம் சந்தை. பழைய மின்விசிறியா? புறாவா? பூச்செடியா? எல்லாம் கிடைக்கும். ஏழைக் குடும்பங்களுக்கு அது ஒரு பெரிய கடைவீதி.

2021-ம் ஆண்டு 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி ஆயின. 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் திறந்தார்கள். தென்மாவட்டத்துக்குப் போகிற பஸ்களுக்கு இப்போது அதுதான் வாசல்.

ஆக, ஊர் வளர்ந்தது. வேலை வந்தது. வீடு வந்தது. மறுப்பதற்கில்லை.

வளர்ச்சிக்குக் கொடுத்த விலை

ஆனால் எந்த வரவுக்கும் ஒரு செலவு உண்டு. நாம் செலவழித்தது எதை?

மலையைச் செலவழித்தோம். சென்னை நகரத்துக்கு ஜல்லி வேண்டும் என்று மலைகளை உடைத்தோம். மலை இருந்த இடம் பள்ளம் ஆனது. பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதைத்தான் "கல்குட்டை" என்கிறோம். ஆழம் தெரியாமல் குளிக்க இறங்கி உயிரை விட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர்!

ஏரியைச் செலவழித்தோம். கரைக்கு உள்ளேயே வீடு கட்டினோம். கால்வாயை மூடினோம். கழிவு நீரைத் திருப்பிவிட்டோம். தோல் பதனிடும் கழிவால் பல்லாவரம், நாகல்கேணிப் பக்கத்தில் கிணற்று நீர் கெட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பில் நகரத்துக் குப்பையைப் பல ஆண்டுகள் மலைபோலக் கொட்டினோம்.

2015-ம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் தண்ணீர் கணக்குக் கேட்க வந்தது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை! முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு ஓடியது. மாடியில் நின்று கைகாட்டிய மக்களை மீட்டார்கள். போக வழி இல்லாத தண்ணீர் வீட்டுக்குள் வந்தது.

இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழ். 2017-ம் ஆண்டு குடிக்கத் தண்ணீர் இல்லை. அப்போது கை கொடுத்தது எது தெரியுமா? மாங்காடு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குட்டைகள்! அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து நாள்தோறும் சுமார் 3 கோடி லிட்டர் நகரத்துக்குக் கொடுத்தார்கள். 2019-ம் ஆண்டு வறட்சியிலும் அதே குட்டைகள் உதவின.

பயனில்லை என்று நாம் விட்டுவிட்ட பள்ளம் நம் தாகத்தைத் தீர்த்தது! அப்படியானால் அதைக் குப்பை கொட்டி மூடலாமா?

ஜெர்மனியில் நடந்தது

இதே கேள்வி ஒரு காலத்தில் ஜெர்மனியிலும் எழுந்தது.

அந்த நாட்டின் மேற்கே "ரூர்" என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. ரூர் என்பது ஓர் ஆற்றின் பெயர். எஸ்ஸன், டார்ட்மண்ட், டூயிஸ்பர்க் முதலிய நகரங்கள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. நம் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம்போல ஒன்று முடியும் இடமும் மற்றது தொடங்கும் இடமும் தெரியாது. சுமார் 50 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். பூமிக்கு அடியில் நிலக்கரி. மேலே இரும்பு ஆலைகள். ஜெர்மனியின் உலைக்களம் அதுதான்.

பிறகு காலம் மாறியது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. எஸ்ஸன் நகரத்து "சோல்பெரைன்" சுரங்கம் 1986-ம் ஆண்டு மூடியது. ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்புப் போனது. ரூர் வட்டாரத்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018-ம் ஆண்டு மூடியது.

இடித்துத் தள்ளவில்லை அவர்கள். சோல்பெரைன் சுரங்கத்தை அப்படியே காத்தார்கள். 2001-ம் ஆண்டு அது உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. டூயிஸ்பர்க்கில் 1985-ம் ஆண்டு மூடிய இரும்பு ஆலையைப் பூங்கா ஆக்கினார்கள். பழைய எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கப் பழகுகிறார்கள். பழைய சுவரில் இளைஞர்கள் ஏறி விளையாடுகிறார்கள். அந்தப் பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை.

இன்னொன்றும் செய்தார்கள். எம்ஷர் என்ற ஆறு அங்கே நூறு ஆண்டுக்கு மேலாகத் திறந்த சாக்கடையாக ஓடியது. 1992-ம் ஆண்டு அதைச் சீர்செய்யத் தொடங்கினார்கள். சாக்கடையைப் பூமிக்கு அடியில் தனிக் குழாயில் விட்டார்கள். 2021-ம் ஆண்டு முடிவில் ஆற்றில் சாக்கடை கலப்பது நின்றது. முப்பது ஆண்டு விடாமல் உழைத்தார்கள்!

ஒன்றை மறைக்கக் கூடாது. சுற்றுலா வந்ததால் ரூர் மக்களுக்கு எல்லாக் கவலையும் தீர்ந்துவிடவில்லை. போன வேலை அத்தனையும் திரும்பவில்லை. ஆனால் கைவிடப்பட்ட இடம் என்ற அவப்பெயர் போனது. குழந்தைகளுக்கு ஓடி விளையாட இடம் கிடைத்தது. ஆறு திரும்பக் கிடைத்தது.

"அது பணக்கார நாடு!"

"ஜெர்மனிக்குப் பணம் இருக்கிறது. நமக்கு ஏது? சோற்றுக்கே உழைக்கிறவனுக்கு உல்லாசப் பயணம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஊட்டிக்குப் போகத்தான் பணம் வேண்டும். தாம்பரத்தில் இருந்து திருநீர்மலைக்குப் போகப் பெரிய செலவு இல்லை. பஸ் கட்டணம், ஒரு தூக்குப் புளியோதரை. அவ்வளவு போதும். ஏழைக் குடும்பத்துக்கு ஏற்றது உள்ளூர்ச் சுற்றுலாதான்.

அதனால் உள்ளூரில் நாலு காசு புழங்கும். அனகாபுத்தூருக்குப் போகிறவர் ஒரு சேலை வாங்குவார். குன்றத்தூருக்குப் போகிறவர் பூ வாங்குவார். ஆட்டோக்காரருக்குச் சவாரி கிடைக்கும். இளநீர்க்காரருக்கு வியாபாரம் ஆகும்.

"கூட்டம் சேர்ந்தால் குப்பை சேருமே?" என்று வேறு சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சமும் சரிதான். ஆனால் வண்டலூரைப் பாருங்கள். 1855-ம் ஆண்டு சென்னை நகருக்குள் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, 1985-ம் ஆண்டு வண்டலூரில் திறக்கப்பட்டது. சுமார் 1,500 ஏக்கர். அறிஞர் அண்ணா பெயரைத் தாங்கியிருக்கிறது. அதற்குள்ளே ஓட்டேரி என்ற ஏரியும் இருக்கிறது. லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். பிளாஸ்டிக் பைக்குக் கட்டுப்பாடு உண்டு. அந்த ஏரிக்கு இன்றும் பறவைகள் வருகின்றன. காவலும் கட்டுப்பாடும் இருந்தால் கூட்டம் கெடுதல் அல்ல. யாரும் எட்டிப் பார்க்காத ஏரியில்தான் இரவோடு இரவாகக் கழிவு லாரி வந்து நிற்கிறது!

சிட்லபாக்கத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2019-ம் ஆண்டு ஏரி வறண்டு கிடந்தபோது ஊர் மக்களே மண்வெட்டி எடுத்து இறங்கினார்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்து குப்பை வாரினார்கள். அதன் பிறகு அரசாங்கமும் பணம் ஒதுக்கியது. கரையில் நடந்துபோகிறவர்கள் இருக்கும் ஏரியைத் தொட எவனும் யோசிப்பான்.

பள்ளிக்கரணைச் சதுப்பில் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு 2022-ம் ஆண்டு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலக நாடுகள் காக்கும் நீர்நிலைகளின் பட்டியல் அது. பூநாரையும் கூழைக்கடாவும் அங்கே வருகின்றன. பறவைகளைப் பார்க்க ஆட்கள் போய்ப் போய்ச் சொன்னதால்தான் அது குப்பைமேடு அல்ல என்று ஊருக்கே தெரிந்தது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் வேண்டாம். ஐந்து சிறு காரியங்கள் போதும்.

முதலாவது, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு சுற்றுப் பஸ்கள் விட வேண்டும். ஒன்று மேற்கே: பல்லாவரம், திருநீர்மலை, அனகாபுத்தூர், குன்றத்தூர். மற்றொன்று கிழக்கே: மாடம்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், பள்ளிக்கரணை.

இரண்டாவது, ஒவ்வோர் இடத்திலும் எளிய தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். ஒவ்வோர் ஏரிக்கரையிலும் "இந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, எங்கே போகிறது" என்று படம் போட்டுக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, ஒரு கல்குட்டையையாவது வேலி போட்டுக் காவல் வைத்து, மேலே நின்று பார்க்க மேடை கட்ட வேண்டும். நன்மங்கலம் காட்டில் உள்ள பழைய குவாரிப் பாறையில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. அதைப் பார்க்கப் பறவை ஆர்வலர்கள் எங்கெங்கோ இருந்து வருகிறார்கள்.

நான்காவது, பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறை சொந்த ஊர் சுற்ற அழைத்துப் போக வேண்டும்.

ஐந்தாவதுதான் முக்கியம். ஏரியில் சாக்கடை விடுவதை நிறுத்த வேண்டும். இது நடக்காவிட்டால் மற்ற நான்கும் வீண். நாற்றம் அடிக்கும் கரையில் யார் நடப்பார்கள்? எம்ஷருக்கு முப்பது ஆண்டு ஆனது. நம் அடையாற்றுக்கும் ஆகலாம். அதனால்தான் இன்றே தொடங்க வேண்டும்.

குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே! அரசாங்கம் செய்யும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருநீர்மலை ஏறுங்கள். பெருமாளைச் சேவியுங்கள். பிறகு உச்சியில் நின்று சுற்றிப் பாருங்கள். எங்கே ஏரி மின்னுகிறது, எங்கே மலையை வெட்டிய வடு தெரிகிறது, எங்கே வீடுகள் நெருங்கிவிட்டன என்று பிள்ளைக்குக் காட்டுங்கள்.

கல்குட்டையில் மட்டும் இறங்க விடாதீர்கள்.

அந்தப் பிள்ளை நாளைக்கு வீடு கட்டும். மனை வாங்கும்போது, "இது ஏரி நிலமா?" என்று ஒரு கேள்வி கேட்கும். அந்த ஒரு கேள்வியைக் கேட்க இந்த வட்டாரத்தில் ஆயிரம் பேர் இருந்தால், அடுத்த பெருமழையில் முடிச்சூர்த் தெருவில் படகு ஓட வேண்டிய அவசியம் குறையும்.